கடும் மழைக்கு ஒரு சொல், கடும் உழைப்புக்கு வேறு சொல்

வணக்கம் மக்களே. இன்றைய இங்கிலீஷ் பாடம், எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது. வீட்டுக்குள் உட்கார்ந்து பேச மனமில்லை, திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலிருக்கிற குறுக்குத்துறை படித்துறைக்கு வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் ஆற்றுக்குள்ளேயே தெரிகிறதே, அதுதான் முருகன் கோயில். தண்ணீர் சத்தமும் துணி துவைக்கிற சத்தமும் இடையிடையே கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோயிலைப் பார்த்தால் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் ஞாபகம் வராத திருநெல்வேலிக்காரர் இருக்க முடியாது. அந்த இரண்டு நாளும் செய்தியில் மூன்று சொற்கள் மாறி மாறி வந்தன: கனமழை, மிக கனமழை, அதி கனமழை. இங்கிலீஷில் ஹெவி ரெய்ன், வெரி ஹெவி ரெய்ன், எக்ஸ்ட்ரீம்லி ஹெவி ரெய்ன். இவை வாய்க்கு வந்தபடி சொல்கிற சொற்கள் கிடையாது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் ஹெவி, 115.6-ஐத் தொட்டால் வெரி ஹெவி, 204.4-ஐத் தாண்டினால் எக்ஸ்ட்ரீம்லி ஹெவி என்று வானிலை ஆய்வு மையம் அளவே வைத்திருக்கிறது. அன்றைக்குக் காயல்பட்டினத்தில் பெய்தது 90 சென்டிமீட்டருக்கும் மேல்.

இந்த மூன்று சொல்லில் இன்றைய பாடம் முழுக்க இருக்கிறது. ரெய்ன் பெயர்ச்சொல். ஹெவி அதற்கு முன்னால் வருகிற பெயரடை. எக்ஸ்ட்ரீம்லி வினையடை. அது மழையைத் தொடுவதே இல்லை, ஹெவியைத்தான் தூக்கிவிடுகிறது. மழையை வினையாக்கிவிட்டால் பெயரடையும் உருவம் மாறும்: இட் ரெய்ன்ட் ஹெவிலி.

சரி, மழை ஏன் ஹெவி? ஸ்ட்ராங் ரெய்ன் என்றால் என்ன தப்பு? காற்று மட்டும் ஸ்ட்ராங் விண்ட் ஆகிறதே? என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. இலக்கண விதி எதுவும் இதற்குக் கிடையாது. இங்கிலீஷ்காரர்கள் அப்படிச் சேர்த்துப் பேசிப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதா? நம் ஊர்த் தேரிக்காட்டுப் பக்கம் முளைத்து நிற்கிற சின்னப் பனையை என்ன சொல்வோம்? வடலி. தென்னை என்றால் தென்னம்பிள்ளை. வாழை என்றால் வாழைக்கன்று. நெல் என்றால் நாற்று. பனம்பிள்ளை என்று யாராவது சொன்னால் அர்த்தம் புரியும், ஆனால் சொன்னவர் இந்த ஊர்க்காரர் இல்லை என்பதும் புரிந்துவிடும். இதற்கு நம் இலக்கணம் வைத்த பெயர் மரபு. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஒரு இயலே இருக்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர் ஒன்பதைச் சொல்லி, எது எதற்குச் சேரும் என்று பிரித்துக் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் மரபுப் பிழை நீக்கி எழுதினோமே, அதேதான்.

இப்படி ஒரு சொல்லோடு இன்ன சொல்தான் சேரும் என்கிற பழக்கத்தை இங்கிலீஷில் காலகேஷன் என்கிறார்கள். ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த ஹாரால்ட் பாமர் 1933-லேயே இப்படிப்பட்ட சேர்க்கைகளைத் திரட்டி டோக்கியோவில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அயல்மொழிக்காரர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பது வகுப்பில் நின்றவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு ஃபர்த் என்கிற மொழியியலாளர் இதை ஒரு துறைச் சொல்லாகவே நிலைநிறுத்தினார். அவர் வழியில் வந்த ஹாலிடே காட்டிய உதாரணம் ரொம்பப் பிரபலம்: டீ ஸ்ட்ராங், கார் பவர்ஃபுல். இரண்டு சொல்லுக்கும் பொருள் பக்கம் பக்கம்தான், ஆனாலும் பவர்ஃபுல் டீ என்று ஒருவரும் கேட்பதில்லை.

அதில் நாம் ஏற்கெனவே பாஸ். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "அண்ணாச்சி, ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்று சரியாகத்தான் கேட்கிறோம். "லைட்டா ஒரு டீ" என்பதுதான் அங்கே எடுபடாது. இங்கிலீஷில் அது வீக் டீ.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தமிழில் "கடும்" என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கே போட்டாலும் உட்காரும். அதை இங்கிலீஷுக்குக் கொண்டு போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் வேறு ஆள் கதவைத் திறப்பார். கடும் குளிர், பிட்டர் கோல்ட். கடும் போட்டி, ஸ்டிஃப் காம்பெடிஷன். கடும் வறட்சி, சிவியர் டிராட். கடும் பனிமூட்டம், டென்ஸ் ஃபாக். கடும் காய்ச்சல், ஹை ஃபீவர். கடும் எதிர்ப்பு, ஸ்ட்ராங் அப்போசிஷன். கடும் உழைப்பு, ஹார்ட் வொர்க். "கடும்" என்றால் ஸ்ட்ராங் என்று ஒற்றைச் சொல்லாக மனப்பாடம் செய்தவருக்கு இதில் ஒன்றிரண்டுதான் தேறும்.

கடைசியாகச் சொன்ன கடும் உழைப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். இதை இதுவரை நான் சேனலில் சொன்னதில்லை.

என் அம்மா பீடி சுற்றுகிறவர். காலையில் சுளகை மடியில் வைத்தால் இருட்டும் வரை இறக்க மாட்டார். இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, அந்தப் பணத்தில்தான் என்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தார். முதல் வேலைக்கு இன்டர்வியூ போனபோது குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அம்மா கடுமையாக உழைக்கிறார் என்று பெருமையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வினைக்குப் பக்கத்தில் வந்தால் எல்லாச் சொல்லுக்கும் "லி" போடவேண்டும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அதனால், "மை மதர் ஹார்ட்லி வொர்க்ஸ்" என்றேன். எதிரே இருந்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஹார்ட்லி என்றால் கடுமையாக இல்லை மக்களே. "அநேகமாக இல்லை" என்று அர்த்தம். என் அம்மா வேலையே பார்ப்பதில்லை என்று நானே ஒரு அந்நியரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விஷயம் தெரிந்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலை கிடைக்காததைவிட அதுதான் அறுத்தது.

சரியான வாக்கியம்: மை மதர் வொர்க்ஸ் ஹார்ட். ஹார்ட் என்பது பெயரடையும் அதுதான், வினையடையும் அதுதான். ஃபாஸ்டும் லேட்டும் இதே ஜாதி. ஃபாஸ்ட்லி என்று ஒரு சொல் வழக்கில் கிடையாது. லேட்லி இருக்கிறது, ஆனால் "தாமதமாக" என்று அர்த்தமில்லை, "சமீப காலமாக" என்று அர்த்தம். கேம் லேட் என்றால் நேரம் கழித்து வந்தார்.

இடமும் முக்கியம். தமிழில் வினையடை வினைக்கு முன்னால் ஒட்டி நிற்கும்: இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறாள். அங்கே வினையும் அதன் செயப்படுபொருளும் கைகோத்து நிற்கும், நடுவில் யாரையும் விடாது. ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல். ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ் என்று வராது.

அப்புறம் ஒன்று, இது சுலபம். பெயரும் பெயரும் சேரும்போது முன்னால் நிற்பது பெரும்பாலும் ஒருமைதான். ஷூ ஷாப், ஷூஸ் ஷாப் இல்லை. ஃபைவ் ருபீ காயின், ஃபைவ் ருபீஸ் காயின் இல்லை. நாமும் மாம்பழக் கடை என்றுதானே சொல்கிறோம், மாம்பழங்கள் கடை என்பதில்லையே.

இனிமேல் நோட்டில் புதுச் சொல் எழுதினால் தனியாக எழுதாதீர்கள். ரெய்ன் என்று எழுதினால் பக்கத்திலேயே ஹெவி வரட்டும். டிசப்பாயின்டட் என்றால் பிட்டர்லி, ரெக்கமெண்டட் என்றால் ஹைலி, அவேர் என்றால் ஃபுல்லி, அஸ்லீப் என்றால் ஃபாஸ்ட். ஜோடியாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கமெண்ட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். உங்கள் வீட்டில் கடுமையாக உழைக்கிற ஒருவரைப் பற்றி, வொர்க், ஹார்ட் இரண்டும் வரவேண்டும். ஒவ்வொன்றையும் நான் படித்துப் பதில் போடுவேன். மணி ஐந்தாகப் போகிறது, அம்மா சுற்றி வைத்த கட்டுகளைக் கடையில் கொடுத்துவிட்டு வரவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம்.