பிரேக்கைப் பிடித்துப் பார்த்தீர்களா?

(பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி வழங்கிய பள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஆசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று புதுவண்டியோடு வீட்டுக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

புதுவண்டி கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தொட்டுப் பார்ப்பது பெல்லை. இனிமேல் முதலில் பிரேக்கைத் தொடுங்கள். புதிது என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நூற்றுக்கணக்கான வண்டிகளை ஒன்றாகப் பூட்டும்போது சில நட்டுகள் முழுசாக இறுகியிருக்காது. அதோடு புதுப் போக்ஸ் கம்பிகளும் புது பிரேக் கம்பியும் ஓட ஓடத்தான் இழுபட்டு அமரும். அதனால் முதல் மாதத்துக்குள் ஒருமுறை கடையில் விட்டு எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.

பிரேக்குக்கு வருகிறேன். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்பது சாதாரண மிதிதான். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் போகிறது. குறுக்கே ஆட்டுக்குட்டி ஓடுவதைக் கண் பார்த்து, மனம் உணர்ந்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் ஏறக்குறைய அந்த ஒரு நொடி கழிந்துவிடும். அந்த நான்கு மீட்டரை யாராலும் குறைக்க முடியாது. அதற்குப் பிறகு எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

லிவரை முழுசாக அழுத்துங்கள். அது ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது; நடுவே இரண்டு விரல் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும். டயரில் உரசினால் டயர் கிழியும், கீழே இறங்கினால் போக்ஸில் சிக்கும். இரும்புக் கூட்டுக்குள் ரப்பரைச் செருகும் வகை கட்டைகளில் இன்னொன்றையும் பாருங்கள். கூட்டின் ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். மூடிய பக்கம் சக்கரம் சுழலும் திசையில் இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டிவிட்டால், அவசரத்தில் அழுத்தும்போது சுழலும் ரிம்மே ரப்பரை வெளியே உருவிப் போட்டுவிடும். பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தைத் திரும்ப மாட்டினாலும் கட்டையின் இடம் மாறியிருக்கும். கடையை விட்டுக் கிளம்பும் முன்பே பிடித்துப் பாருங்கள்.

முன்பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று பயந்து அதைக் கழற்றியே வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பயம் பாதிதான் சரி. பிரேக் பிடித்ததும் உடம்பின் பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது. பின்பிரேக்கை மட்டும் அழுத்தினால் அந்த லேசான சக்கரம் நின்று சறுக்கும், வண்டி நிற்காது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். அழுத்தும்போதே இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள். இப்படிப் பிடித்தால், நான் சொன்ன அந்த 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும், காய்ந்த சாலையில் இன்னும் மூன்று மீட்டருக்குள் நின்றுவிடலாம். மழையில் இந்தக் கணக்கு செல்லாது. நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை முதல் சில சுற்றுகளுக்குத் தண்ணீரைத்தான் வழிக்கும். ஆகவே வளைவுக்கு வெகு முன்பே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டே போங்கள். பிரேக் கீச்சிடுகிறதே என்று அதில் எண்ணெய் விடவே கூடாது. செயினுக்கு எண்ணெய் விடும்போதுகூட ரிம்மில் ஒரு சொட்டு விழாமல் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற பாகங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். அது மட்டும் தனியாகத் திரும்பினால் நடுவில் உள்ள போல்ட் தளர்ந்திருக்கிறது. மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று தட்டினால், பெடல் தண்டான கிராங்கை நடு அச்சோடு பூட்டும் ஆணியை, அதாவது காட்டர் பின்னை, பாருங்கள். எழுந்து நின்று மிதிக்கையில் கிராங்க் நழுவினால் விழுவது உறுதி. இடது பெடலின் மரை மற்றவற்றுக்கு நேர்மாறானது. அதை இடப்பக்கமாகச் சுற்றித்தான் இறுக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக வேண்டும். அதுதான் சரியான சீட் உயரம்.

பையை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். அது ஆடி ஆடி முன்சக்கரத்துக்குள் போனால் சக்கரம் சட்டென்று நின்று ஓட்டுபவரைத் தூக்கி எறியும். துப்பட்டாவை முடிச்சிட்டுக்கொள்ளுங்கள். தம்பியையோ தங்கையையோ கேரியரில் ஏற்றும் பெற்றோர்களே, குழந்தையின் குதிகால் போக்ஸில் சிக்கினால் தோலும் சதையும் சேர்ந்து கிழியும். பின்சக்கரத்தின் இருபுறமும் வலை பூட்டாமல் ஏற்றாதீர்கள்.

இனி சாலை. பயந்தவர்கள் சாலையின் ஓரத்தோடு ஒட்டிப் போகிறார்கள். உண்மையில் அந்த ஓரம்தான் ஆபத்து. மேலே மேலே தார் போட்டதில் பல ஊர்ச் சாலைகளின் விளிம்பு பக்கத்து மண்ணைவிட நான்கு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. சக்கரம் அதில் இறங்கிவிட்டால் ஓட்டிக்கொண்டே சாய்வாக மேலே ஏற்றப் பார்க்காதீர்கள். விளிம்பு சக்கரத்தைத் தடுக்கும், வண்டி சாலைப் பக்கமாகச் சாயும், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். மண்ணிலேயே ஓட்டி, நின்று, தூக்கி வையுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, நேர்கோட்டில் போனால் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரிவீர்கள், ஒதுங்க உங்களுக்கும் இடம் இருக்கும். தோளில் கை போட்டு மூன்று வண்டி ஒன்றாகப் போவதில் அந்த இடமே இல்லாமல் போகிறது.

நான்குவழிச் சாலையில் சுற்றிப் போகச் சோம்பி எதிர்ப்பக்கமாக வருவதைப் பற்றி ஒரு கணக்கு. கார் 60 கிலோமீட்டர் வேகம், நீங்கள் 15. ஒரே திசையில் போனால் அது உங்களை 45-இல் நெருங்குகிறது. எதிரே வந்தால் 75-இல். 50 மீட்டருக்கு முன் உங்களைப் பார்க்கும் ஓட்டுநருக்கு ஒரே திசையில் போகும்போது 4 நொடி கிடைக்கும், எதிரே வரும்போது இரண்டரை நொடிகூடக் கிடைக்காது.

பஸ், லாரியின் இடப்பக்கத்தில் புகாதீர்கள். நீளமான வண்டி இடதுபுறம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டி வரும். ஓட்டுநருக்கு அந்த மூலை தெரியவும் தெரியாது. பின்னால் நில்லுங்கள், அது திரும்பிப் போகட்டும். பெரிய சாலையில் வலதுபுறம் போக வேண்டுமானால் இடது ஓரத்தில் இறங்கி, இருபுறமும் பார்த்து, தள்ளிக்கொண்டே கடந்து போங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் போகிறவர்களுக்கு: ரிஃப்ளெக்டர் தானாக ஒளிராது. தன்மேல் விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். சேறு படிந்தாலோ மட்கார்டு வளைந்து அது தரையைப் பார்த்தாலோ பயன் இல்லை. சந்திலிருந்து வருபவருக்கும் அது தெரியாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று பேட்டரி விளக்குகள் இரண்டு வாங்கிக்கொடுங்கள். டைனமோ விளக்கு, வண்டி நின்றால் அணைந்துவிடும். சாலையைக் கடக்க ஓரத்தில் காத்து நிற்கும் நேரத்தில்தான் வெளிச்சம் அதிகம் தேவை.

ஹெல்மெட் பற்றிச் சுருக்கமாக. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல். பிடரிக்குத் தள்ளி அணிந்தால் நெற்றி வெறுமையாகிவிடும். ஒருமுறை பலமாக அடிபட்டதை வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும்.

மைதானத்தில் ஸ்பேனர் செட்டும் காற்று பம்பும் வைத்திருக்கிறோம். சுண்ணாம்பால் ஒரு கோடும் போட்டிருக்கிறது. வரிசையாக வாருங்கள், கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள். மூன்று மீட்டரைத் தாண்டும் வண்டியைச் சரிசெய்துதான் வாசலுக்கு வெளியே அனுப்புவோம்.