தாமதமாக வந்தவன் எங்கே போவான்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். அளவாக வெளியிடப்படும் நாணயம், அஞ்சல்தலை, பொம்மை, அட்டை போன்றவற்றை வாங்கி மறுபடி விற்பவர்களால் சேகரிப்புப் பழக்கம் வளர்கிறதா, கெடுகிறதா? இதுதான் தலைப்பு. வளர்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அவர்களைப் 'பதுக்கல்காரர்கள்' என்றார், நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். தட்டியதில் தப்பில்லை, தம்பி நன்றாகத்தான் பேசினார். ஆனால் அரிசியைப் பதுக்கினால் ஊர் பட்டினி கிடக்கும், லபுபு பொம்மையைப் பதுக்கினால் யார் வீட்டில் உலை கொதிக்காமல் போகும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டை 2010-ல் கொண்டாடினோமே, அதற்காக இந்திய அரசு 1,000 ரூபாய் நினைவு நாணயம் ஒன்றை வெளியிட்டது. 35 கிராம் எடை, வெள்ளி கலந்தது, கடைத்தெருவில் புழங்குவதற்காக அடித்ததல்ல, வேண்டும் என்கிறவர்கள் நாணயச்சாலையில் பதிவு செய்து பணம் கட்டி வாங்க வேண்டும், பதிவு முடிந்தால் அவ்வளவுதான். இன்றைக்குத் தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிற ஒரு பையனுக்கு அப்போது நான்கைந்து வயது இருக்கும். அவன் எங்கே பதிவு செய்வான், பால்வாடியிலிருந்தா? இப்போது அவனுக்குத் தன் ஊர்க் கோவிலின் நாணயம் மேல் ஆசை வந்திருக்கிறது. நாணயச்சாலையில் கேட்டால் இருக்காது. வங்கியில் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். அன்றைக்கு இரண்டாக வாங்கி ஒன்றை விற்பதற்கென்று எடுத்து வைத்தாரே ஒருவர், அவர் ஒருத்தரிடம்தான் அது இருக்கிறது. அவரைத்தான் எதிரணி இந்தப் பொழுதுபோக்கைக் கெடுத்தவர் என்கிறது.

'லிமிடெட் எடிஷன்' என்றாலே விற்பனை ஒரு நாள் முடிந்துவிடும் என்றுதானே கணக்கு? அன்றைக்குப் பிறகு பிறந்தவன், அன்றைக்குக் கையில் காசில்லாதவன், அன்றைக்கு இதெல்லாம் இருக்கிறது என்றே தெரியாதவன், எல்லாருக்கும் ஒரே வழி மறுவிற்பனைதான். அதையும் அடைத்துவிட்டால் சேகரிப்பு என்பது அந்தந்தத் தேதியில் வரிசையில் நின்றவர்களின் சொத்தாகிவிடும். அதற்குப் பிறகு புதிதாக யார் இதற்குள் வருவார்கள்?

"விற்கட்டும், வாங்கின விலைக்கே விற்கட்டுமே" என்று எதிரணி அக்கா கேட்டார். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அக்கா, முகத்தில் அச்சடித்த விலைக்கு மேல் விற்பதை ஆரம்பித்து வைத்ததே நாணயச்சாலைதான். கலைஞர் நூற்றாண்டு நாணயம் 2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் வெளியானது, அதன் முகமதிப்பு 100 ரூபாய். நூறு ரூபாய்த் தாளை நீட்டி யாராவது அதை வாங்கியிருக்கிறீர்களா? ஆயிரக்கணக்கில் கொடுத்துத்தான் வாங்கினோம், அரசாங்கத்தை யாரும் கொள்ளைக்காரன் என்று திட்டவில்லை. அதே மாதிரி ஒரு நாணயத்தைப் பத்து வருடம் காற்றுப் படாமல், கைரேகை படாமல், வெள்ளி கறுத்துப் போகாமல் காப்பாற்றி வைத்து, அந்தப் பணத்தை வேறு எதிலும் போடாமல் முடக்கி வைத்திருக்கிற ஒரு சாதாரண மனிதர் கொஞ்சம் கூடக் கேட்டால் மட்டும் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

கூடக் கேட்டால் கிடைத்துவிடும் என்பதும் நிச்சயமில்லை. உலகத்திலேயே பேர்போன அஞ்சல்தலையை எடுத்துக்கொள்வோம், 1856-ல் அச்சான பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தலை. இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1873-ல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டிலிருந்த பழைய காகிதங்களுக்கு நடுவில் அதைக் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். அவன் விற்காமல் தன் பழைய நோட்டுக்குள்ளேயே செருகி வைத்திருந்தால் கரையான் தின்றிருக்கும், கயானா மழையில் ஊறிப் போயிருக்கும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி, 2014-ல் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன் என்ற அமெரிக்கக் காலணி வடிவமைப்பாளர் ஏறக்குறைய 95 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். 2021-ல் அவர் விற்றபோது வந்தது சுமார் 83 லட்சம். பத்து லட்சம் டாலருக்கு மேல் நட்டம்! மறுவிற்பனை செய்பவன் எப்போதும் கொழிக்கிறான் என்று இனி யாராவது சொன்னால் இந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். (அவர் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படவில்லை என்பது எனக்கும் தெரியும், நடுவர் ஐயா சிரிக்க வேண்டாம்.) 1990-களில் அமெரிக்காவில் பீனி பேபீஸ் என்ற துணிப் பொம்மைகளைப் பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தார்களே, அவர்கள் கதை இன்னும் மோசம், இன்றும் பரணில்தான் கிடக்கிறது.

நம் நாட்டுக் கதை ஒன்று. 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தியின் அஞ்சல்தலைகள் நான்கு வெளிவந்தன, அவற்றில் பெரியது பத்து ரூபாய்த் தலை. அதில் வெறும் நூறு எண்ணிக்கையில் மட்டும் 'சர்வீஸ்' என்று தலையின் மேலேயே மறுபடி அச்சடித்து கவர்னர் ஜெனரல் செயலகத்துக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தவர் நம் ராஜாஜி. அப்படிப்பட்ட தலைகளில் நான்கு ஒட்டியபடியே இருக்கும் ஒரு பட்டை 2017-ல் லண்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ் வழியாக 5 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அந்த நான்கையும் பிரிக்காமல், கிழிக்காமல், உறையில் ஒட்டித் தபாலில் போட்டுவிடாமல் இத்தனை ஆண்டுகள் காப்பாற்றியது வெறும் தேசபக்தி என்றா நினைக்கிறீர்கள்? இதற்கு விலை உண்டு என்று கைமாறிய ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் காப்பாற்றினார்கள். விலை தெரியாத வீட்டில் பழைய பொருள் எடைக்குத்தான் போகும்.

எதிரணி இரண்டு சம்பவங்களைச் சொல்லிப் பயமுறுத்தியது. 2023-ல் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகம் தொப்பி போட்ட பிகாச்சு (போகிமான் கார்ட்டூனில் வருமே, அந்த மஞ்சள் உருவம்) அட்டையைக் கொடுத்தபோது கூட்டம் முண்டியடித்து, கடைசியில் அட்டை கொடுப்பதையே நிறுத்தினார்கள். 2025 மே மாதம், லபுபு பொம்மையைத் தயாரித்து விற்கும் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் பிரிட்டனில் உள்ள தன் கடைகளில் லபுபு விற்பனையை நிறுத்தி வைத்தது, காரணம் வரிசையில் அடிதடி. இரண்டும் உண்மை, நான் மறுக்கவில்லை. குழந்தையை இடித்துத் தள்ளிவிட்டு அட்டை வாங்குகிறவனுக்காகவும், கணினி நிரல் வைத்து ஒரே நொடியில் முந்நூறு பெட்டி அள்ளுகிறவனுக்காகவும் நான் இங்கே வாதாடவில்லை, போலியை அசல் என்று விற்கிறவனுக்காகவும் இல்லை. அதெல்லாம் ரவுடித்தனம், மோசடி. அதற்குப் போலீஸ் இருக்கிறது, பட்டிமன்றம் எதற்கு?

ஆனால் அப்புறம் என்ன நடந்தது என்பதையும் எதிரணி சொல்லியிருக்கலாம். பாப் மார்ட் அதே பொம்மையைக் கூடுதலாகத் தயாரித்துச் சந்தைக்கு விட்டதும் மறுவிற்பனை விலை சரசரவென்று இறங்கியது. அள்ளி வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். அப்படியானால் தட்டுப்பாடு யார் கையில் இருந்தது? பத்துப் பேர் கேட்கும் இடத்தில் இரண்டை மட்டும் கொடுத்து, எந்தப் பெட்டியில் எது இருக்கிறதென்று தெரியாமல் மூடி வைத்து, அதில் எப்போதாவது ஒன்றை ரகசியப் பதிப்பு என்று வேறு ஒளித்து வைக்கிற தயாரிப்பாளர் இங்கே யார் பேச்சிலும் வரவில்லை. தெருக்கோடியில் நின்று இரண்டு பொம்மை விற்கிறவன்தான் நம் கண்ணில் படுகிறான், திட்டுவதற்கு அவன்தானே கைக்கு எட்டுகிறான்.

இன்னொன்று, இது எதிரணிக்குப் பிடிக்காது. சேகரிப்பவர் வேறு, விற்பவர் வேறு என்று நடுவில் கோடு போட்டீர்களே, அந்தக் கோடு எங்கே இருக்கிறது? 1985-ல் எரிந்து போவதற்கு முன் சென்னை மூர் மார்க்கெட்டில் திரிந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், காலையில் வாங்க வந்தவர் சாயங்காலம் அதே இடத்தில் நின்று தன்னிடம் இரண்டாக இருப்பதை விற்றுக்கொண்டிருப்பார். எது அசல் நாணயம், எது வார்த்தெடுத்த போலி, எந்த ஆண்டு அரிது என்றெல்லாம் அந்தப் பேரத்தில்தான் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டார்கள். ஒன்றை விற்றால்தான் இன்னொன்றை வாங்க முடியும் என்ற நிலையில்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் இருக்கிறோம்.

நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். எதிரணித் தம்பி, தன்னிடம் பெரிய கோவில் நாணயம் இரண்டு இருப்பதாகப் பேச்சு நடுவில் பெருமையாகச் சொன்னார், நீங்களும் கேட்டீர்கள். அதில் ஒன்றை அன்றைக்கு வாங்கிய அதே விலைக்கு எனக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பணம் கையிலேயே வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.