20-ஆம் எண் கட்டடமும் அதன் வாரிசும்

அவையோருக்கு வணக்கம்.

கட்டடக்கலை பயில்வோர் நிறைந்த அவை இது. ஸ்டாட்டா மையத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கணினி அறிவியலுக்காக ஃபிராங்க் கெரி வடிவமைத்தது, 2004-இல் திறக்கப்பட்டது. சாய்ந்த கோபுரங்கள், பளபளக்கும் உலோகத் தகடுகள், செங்கல் எனக் கண்ணைப் பறிக்கும் கட்டடம். ஆனால் அதே மண்ணில் முன்பு நின்ற கட்டடத்தை அறியாமல் கெரியின் வேலையை எடைபோட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு யாரும் பெயர்கூடச் சூட்டவில்லை. 20-ஆம் எண் கட்டடம், அவ்வளவுதான். 1943-இல் ரேடார் ஆராய்ச்சிக்கு இடம் போதாமல் அவசரமாக எழுப்பினார்கள். போர்க்காலத்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. ஆகவே மரத்தாலேயே மூன்று மாடி. போர் முடிந்து ஆறு மாதத்தில் இடித்துவிடுவதாக ஏற்பாடு. தற்காலிகக் கட்டடம் என்பதால் தீத்தடுப்பு விதிகளிலிருந்துகூட விலக்குக் கிடைத்தது. அது 1998 வரை, 55 ஆண்டுகள் நின்றது!

எப்படியும் இடிபடப்போவது என்பதால் அதன்மீது எவருக்கும் அச்சமில்லை. சுவரில் துளையிட்டுக் கம்பி இழுக்க அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இயற்பியலாளர் ஜெரால்ட் சக்கரியாஸ், அணுக்கடிகார ஆய்வுக்கு உயரம் போதவில்லை என்று இரண்டு தளங்களையே பெயர்த்தெடுத்தார். மொழியியலாளர்கள் நோம் சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலியும் மொழியியலை வளர்த்ததும் அங்கேதான். இன்னோர் அறையில் மாதிரி ரயில் மன்றம் இருந்தது. குட்டி ரயில்களை ஓட்டுவதற்காக மாணவர்கள் தொலைபேசி ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, கோத்து ஒரு கட்டுப்பாட்டு அமைப்பையே பின்னினார்கள். அங்கே பழகிய கைகள் பிறகு கணினிக்குப் போயின. 1962-இல் பிடிபி-1 கணினியில் உருவான ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டில் அந்த மன்றத்தாரின் பங்கு பெரிது. கணினி அறிவியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த அறையை விட்டுவிடக் கூடாது.

இப்போது கெரியிடம் வருவோம். வெவ்வேறு துறையினர் தற்செயலாகச் சந்தித்துப் பேச நேரும் சூழல் பழைய கட்டடத்தில் தானாகவே அமைந்தது; அதை அவர் திட்டமிட்டே உண்டாக்க வேண்டியிருந்தது. தரைத்தளத்தில் ‘மாணவர் வீதி’ என்ற நீண்ட பொதுவழியை அமைத்தார். கணினி ஆய்வகத்தோடு மொழியியலும் தத்துவமும் அதே கூரையின்கீழ் வந்தன. வெளித்தோற்றத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை.

2007-இல் நீர்க்கசிவு, விரிசல், பூஞ்சணம் என்று கழகம் கெரியின் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்ததும், 2010-இல் அது சமரசத்தில் முடிந்ததும் பலரும் அறிந்தவை. கசிவைச் சரிசெய்துவிடலாம். என் குறை வேறு. சாய்ந்த சுவரோரம் அலமாரியை நிறுத்தவே யோசிக்க வேண்டிய அறையில், இன்னொரு சக்கரியாஸ் வந்து தளத்தைப் பெயர்க்கவேண்டும் என்றால் யார் சம்மதிப்பார்கள்? மாணவர் வீதிக்காகக் கெரியை மனமாரப் பாராட்டுகிறேன். மேல்மாடி அறைகளை அப்படிப் பாராட்ட என்னால் முடியவில்லை.