எழுத்தில் ஐந்து, காதில் மூன்று

பிரெஞ்சு படிக்க வந்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். இன்றைக்கு நிகழ்கால வினையைப் பார்ப்போம்.

தமிழில் ‘பேசுகிறேன்’ என்றால் போதும், ‘நான்’ தேவையில்லை. விகுதியே ஆளைக் காட்டிவிடும். பிரெஞ்சில் அந்த வசதி இல்லை. ‘பேசு’ என்ற பொருளுள்ள ‘பார்லே’ வினையை எடுங்கள். எழுத்தில் அது parler. கடைசி இஆரை (er) வெட்டிவிட்டு, நானுக்கு இ, நீக்கு இஎஸ், அவனுக்கும் அவளுக்கும் மறுபடி இ, நாமுக்கு ஓஎன்எஸ், நீங்களுக்கு இஇசட், அவர்களுக்கு இஎன்டி சேர்க்க வேண்டும். எழுத்தில் ஐந்து வடிவம். வாயில் மூன்றுதான்: நாம் ‘பார்லோன்’, நீங்கள் ‘பார்லே’, மற்ற எல்லோருக்கும் வெறும் ‘பார்ல்’. இஎன்டியை உச்சரித்துவிடாதீர்கள், அது ஊமை. விகுதி காதில் விழாததால்தான் ஜெ (நான்), த்யூ (நீ), இல் (அவன்) என்ற எழுவாயைப் பிரெஞ்சுக்காரர்கள் விடுவதே இல்லை.

வினைகளில் பத்துக்கு ஒன்பது இந்த வகைதான். அடுத்தது ஐஆர் வகை. ‘முடி’ என்னும் ‘ஃபினீர்’ ஒருமையில் ‘ஃபினி’. பன்மையில் இரண்டு எஸ் நடுவே நுழைந்து ஃபினிசோன், ஃபினிசே, ஃபினிஸ். அவனுக்கும் அவர்களுக்கும் ‘இல்’ ஒரே ஒலி என்பதால், கடைசி மெய்யைக் கேளுங்கள். ‘இல் ஃபினி’ என்றால் அவன். ‘இல் ஃபினிஸ்’ என்றால் அவர்கள். ‘தூங்கு’ என்னும் ‘தொர்மீர்’ வினையில் எஸ் நுழையாது. ஆனாலும் இல் தொர், இல் தொர்ம் என்று அதே அடையாளம் நிற்கிறது.

இனிப் பயன்பாடு. நம்மவர்கள் ஆங்கிலம் வழியாகப் போய்த்தான் இங்கே இடறுகிறார்கள். ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் ‘ஜெ பார்ல்’ போதும். ஆங்கிலத்தின் ‘ஐ ஆம்’ போல ‘ஜெ சுய்’ சேர்த்து ‘ஜெ சுய் பார்லே’ என்பது பிழை. ‘மூணு வருஷமா இங்கே இருக்கேன்’ என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? பிரெஞ்சும் அப்படியே, ‘வருஷமா’வில் உள்ள ‘ஆ’வுக்கு ‘தெப்வி’ போட்டு நிகழ்காலத்தில் சொல்கிறது. ‘நாளைக்கு வரேன்’ என்பதும் அப்படியே செல்லும்.

ஓரிடத்தில் மட்டும் தமிழே நம்மைத் தவறவிடும். ‘தினமும் ஆறு மணிக்கு எழுவேன்’, ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்று வழக்கத்தையும் இயற்கையையும் நாம் எதிர்கால வினையால் சொல்கிறோம். பிரெஞ்சில் இரண்டுக்கும் நிகழ்காலம்தான்.

விதிவிலக்குகளில் தினமும் வாயில் வருபவை இரண்டை மட்டும் இன்றே பழகுங்கள். ‘அவர்கள் இருக்கிறார்கள்’ என்பது ‘இல் ஸோன்’. ‘அவர்களிடம் இருக்கிறது’ என்பதும் நம் காதுக்கு ‘இல் ஸோன்’தான். ஆனால் இரண்டாவதில் அந்த ஸ் வண்டின் ரீங்காரம்போல் அதிர வேண்டும். நம் எழுத்தில் அதற்குத் தனிக் குறி இல்லை. தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்: முதல் ஸ்ஸில் விரல் சும்மா இருக்கும், இரண்டாவதில் அதிரும்.