காணாமற்போன ஆடி வெள்ளி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு வளவில் ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்குச் சாவி கொடுப்பது என் அப்பச்சியின் வேலை. சாவி கொடுத்தவுடன் அவர் முள்ளைத் திருப்பிவிட மாட்டார். வானொலியில் அறிவிப்பாளர் நேரம் சொல்லும்வரை பெரிய முள்ளின்மேல் விரலை வைத்துக் காத்திருந்து, சொன்ன அந்தக் கணத்தில்தான் அதைச் சரியான இடத்தில் நிறுத்துவார். சிறுவனாக அவர் அருகில் நின்று பார்த்தவன், பிற்காலத்தில் கணினி நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டு, அதிலும் தேதி, நேரம் ஆகியவற்றைக் கையாளும் பகுதிகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லாடியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரு செய்தியைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். கணம் என்பது வேறு, தேதி என்பது வேறு. கேட்பதற்கு மிக எளிதாக இருக்கும் இந்த வேறுபாட்டை மறந்ததால் விளைந்த பிழைகளைத்தான் நான் என் தொழிலில் வேறெந்தப் பிழையையும்விட அதிகமாகத் திருத்தியிருக்கிறேன்.

முதலில் கணத்தைப் பார்ப்போம். பெரும்பாலான கணினிகள் உள்ளுக்குள் நாள், மாதம், ஆண்டு என்று எண்ணுவதில்லை. 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு 12 மணியிலிருந்து எத்தனை விநாடிகள் கடந்தன என்று ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொள்கின்றன. இந்த நொடியில் காரைக்குடியில் இருக்கும் கணினியும், சிங்கப்பூரில் இருக்கும் கணினியும், நியூயார்க்கில் இருக்கும் கணினியும் ஒரே எண்ணைத்தான் கொண்டிருக்கும். அதை அந்தந்த ஊர் மணியாக மாற்றிக் காட்டுவது பிறகு நடக்கும் வேலை. நம் நாட்டு நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், அங்கே 0 மணி என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. பணம் அனுப்பியது, தொலைபேசியில் அழைத்தது, ரயில் புறப்பட்டது போன்ற நிகழ்ச்சிகளைப் பதிய இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஆனால் உங்கள் பிறந்த தேதி ஒரு கணமா? விண்ணப்பப் படிவத்தில் நாம் நாள், மாதம், ஆண்டை மட்டும்தான் எழுதுகிறோம், மணி எழுதுவதில்லை. கணத்தை மட்டுமே அறிந்த நிரலோ, மணி இல்லாத தேதியை ஏற்காமல், அந்த நாளின் நள்ளிரவு 12 மணி என்று தானாக ஒன்றை ஒட்டிக்கொள்கிறது. இந்திய நள்ளிரவை உலகப் பொது நேரமாக மாற்றினால் முந்தைய நாள் மாலை ஆறரை, அதாவது 18:30 என்று வரும். ஒரு தரவுத்தளத்தில் பிறந்த தேதிகள் எல்லாம் 18:30, 18:30 என்று வரிசையாக நிற்பதைக் கண்டால், இந்தியாவில் எழுதப்பட்ட நிரல் ஒன்று தேதியைக் கணமாக்கி வைத்திருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். திரும்ப எடுக்கும்போது ஐந்தரை மணியைச் சரியாகக் கூட்டினால் தேதி மீண்டுவிடும். கூட்ட மறந்தால் ஒரு நாள் குறைந்துவிடும்.

சரியாகக் கூட்டினால் என்று சொன்னேன். அந்தச் சொல்லில்தான் நான் ஒருமுறை தடுக்கி விழுந்தேன். அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நம் பகுதியில் ஓர் அமைப்பு, 2023ஆம் ஆண்டில் எண்பது வயது நிறையும் தன் உறுப்பினர்களுக்கு வாழ்த்து மடல் அனுப்ப விரும்பியது. உறுப்பினர் விவரங்கள் ஏற்கெனவே வேறொருவர் எழுதிய நிரலில் இருந்தன. அதிலிருந்து பெயரையும் பிறந்த தேதியையும் எடுத்து மடலில் அச்சிடும் பகுதியை நான் எழுதிக் கொடுத்தேன். தேதிகள் நான் எதிர்பார்த்தபடியே கணங்களாக இருந்தன. ஐந்தரை மணியைக் கூட்டு என்று ஒரே வரியில் எழுதி, என் தேதியையும் நண்பர்கள் சிலரின் தேதியையும் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தன. மடல்கள் போயின.

சில நாட்களில் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி தொலைபேசியில் அழைத்தார்கள். "தம்பி, நான் ஆடி வெள்ளியில் பிறந்தவள் என்று எங்கள் ஆத்தா சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். நீங்கள் மடலில் போட்டிருக்கும் தேதியைப் பேத்தி கைப்பேசியில் பார்த்துவிட்டு, அது வியாழக்கிழமை என்கிறாளே?" என்று கேட்டார்கள். அந்தக் குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. எண்பது ஆண்டுகளாகத் தம்முடையது என்று நினைத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமையை யாரோ எடுத்துக்கொண்டதுபோன்ற வருத்தம்.

நான் முதலில் பஞ்சாங்கத்தைத்தான் சந்தேகித்தேன். நம் பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம்வரை செல்வது. ஆங்கிலக் கணக்கில் நாள் நள்ளிரவில் மாறிவிடுகிறது. வெள்ளி இரவு கழிந்து விடியற்காலை நான்கு மணிக்குப் பிறக்கும் குழந்தை, சாதகப்படி வெள்ளிக்கிழமைப் பிறப்பு, நகராட்சிப் பதிவேட்டின்படி சனிக்கிழமைப் பிறப்பு. அப்படி ஏதோ நடந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குழப்பத்தால் வெள்ளி சனியாக மாறுமே தவிர, வியாழனாக மாற வழியில்லை. ஆச்சி தம் உறுப்பினர் படிவத்தில் எழுதிக் கொடுத்த தேதியைத் தேடிப் பார்த்தேன். அது வெள்ளிக்கிழமைதான். பிழை என் நிரலில் இருந்தது.

மற்றவர்களுக்குச் சரியாக வந்தது இவருக்கு மட்டும் ஏன் தவறியது? மடல் பெற்ற எண்பது வயதுக்காரர் அனைவருடைய தேதியையும் படிவங்களோடு ஒப்பிட்டேன். ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் ஒரு நாள் குறைந்திருந்தது. முழுப் பதிவேட்டையும் பார்த்தபோது, 1942 கடைசியிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதிவரை பிறந்தவர்கள் அனைவரும் தவறு. 1945 டிசம்பரில் பிறந்தவர்கள் சரி. தவறாக வந்தவர்களுடைய பதிவுகளில் 18:30 இல்லை, 17:30 இருந்தது. மூன்று நாட்கள் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

விளக்கியவர் எங்கள் ஊர்ச் சோதிடர். வேறொரு வேலையாக வந்தவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும், "யுத்த காலப் பிறப்பா? கடிகார நேரம் எழுதியிருந்தால் ஒரு மணி நேரம் கழித்துக்கொண்டுதான் சாதகம் கணிக்க வேண்டும்" என்றார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 1945ஆம் ஆண்டு அக்டோபர் 15 வரை, இந்தியா முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டிருந்தன. அந்த நாட்களில் நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஆறரை மணி முன்னால் இருந்தது. உதயாதி நாழிகையில், அதாவது சூரிய உதயத்திலிருந்து எண்ணிய நாழிகையில், எழுதப்பட்ட ஓலைக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை, ஏனென்றால் அரசு உத்தரவுக்காகச் சூரியன் முன்கூட்டியே உதிப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து எழுதியதற்குத்தான் தேவை. சோதிடர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த இதை நான் அறிந்திருக்கவில்லை.

ஆனால் பழைய நிரலுக்கு அது தெரிந்திருந்தது. உலகின் ஒவ்வொரு பகுதியிலும் கடிகாரம் எப்போது எவ்வளவு மாற்றப்பட்டது என்ற வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கும் ஒரு பொதுத் தரவுத்தொகுப்பு இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கி, இப்போது பால் எகர்ட் ஒருங்கிணைத்து வரும் அந்தத் தொகுப்பு, நம் கைப்பேசிகள் உட்பட ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் உண்டு. அதில் நம் நாட்டுக்கான பெயர் ஏசியா/கொல்கத்தா. அதன் சில வரிகளுக்குள் பழைய மதராஸ் நேரமும், 1906இல் வந்த இந்திய நேரமும், போர்க்கால ஒரு மணியும் பதிவாகியிருக்கின்றன. பழைய நிரல் அதைப் பார்த்து, 1943ஆம் ஆண்டு நள்ளிரவிலிருந்து ஆறரை மணியைக் கழித்து 17:30 என்று சரியாகவே எழுதியிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரையைக் கூட்டினேன். கிடைத்தது முந்தைய நாள் இரவு 11 மணி. அந்த ஒரு மணி நேரக் குறையில் ஆச்சியின் ஆடி வெள்ளி வியாழனாகிவிட்டது.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் புலனாகின்றன. ஓர் ஊரின் நேரம் என்பது ஐந்தரை என்ற எண் அன்று. அது அந்த ஊரின் பெயரோடு சேர்ந்த ஒரு வரலாறு. ஆகவே நிரலில் எண்ணை எழுதாமல் இடத்தின் பெயரை எழுத வேண்டும். இரண்டாவது, முன்பே சொன்னதுதான், வானொலியில் கேட்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: பிறந்த தேதியைக் கணமாக்கியிருக்கவே கூடாது. நாள், மாதம், ஆண்டு என்று எழுதிக் கொடுத்ததை அப்படியே வைத்திருந்தால், கழிப்பதற்கும் இடமில்லை, கூட்டுவதற்கும் இடமில்லை.

நம் முன்னோர் இதைச் சரியாகச் செய்தார்கள் என்றே எண்ணுகிறேன். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் எங்கள் வீட்டுக்கு வந்த பழைய கடிதங்களைப் புரட்டினால், தலைப்பிலேயே எழுதிய ஊர், தமிழ் ஆண்டின் பெயர், மாதம், தேதி, கிழமை எல்லாம் இருக்கும். பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதியவர், ரங்கூன் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடியது என்பதற்காக ஊர்த் தேதியாக மாற்றி எழுதவில்லை. எந்த ஊரில் எந்த நாளில் நடந்ததோ, அந்த ஊரின் பெயரோடு அந்த நாளை எழுதினார். மாற்றிக் கணக்கிட வேண்டியவர் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மாற்றி எழுதிய பின் மூலத்தைத் தேடினால் கிடைக்காது.

சிங்கப்பூரில் உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1981ஆம் ஆண்டு வரை அந்த ஊருக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம்தான். மலேசியா தன் மேற்குப் பகுதியின் நேரத்தைக் கிழக்குப் பகுதியோடு ஒன்றாக்க முடிவு செய்தபோது சிங்கப்பூரும் உடன் சென்றது. 1981 டிசம்பர் 31 அன்று இரவு பதினொன்றரை ஆனதும் கடிகாரங்கள் நேரே புத்தாண்டின் 12 மணிக்குத் தாவின. அன்றிரவு 11:45 என்ற நேரம் அந்த ஊரில் இல்லவே இல்லை. அந்த நேரத்தை யாராவது ஒரு படிவத்தில் எழுதினால் நிரல் என்ன செய்ய வேண்டும் என்று நான் மாணவர்களைக் கேட்பது வழக்கம். ஏற்க மறுத்து, எழுதியவரிடமே கேட்க வேண்டும் என்பது என் விடை.

இதுவரை சொன்னது கடந்த காலம். வரப்போகும் நேரத்துக்கு வருவோம். 1996 பிப்ரவரியில், கொழும்பில் ஜூன் மாதம் காலை 10 மணிக்கு ஒரு திருமண முகூர்த்தம் என்று ஒருவர் குறித்து வைப்பதாகக் கொள்ளுங்கள். அப்போது இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே. நிரல் அதைக் கணமாக மாற்றி 4:30 என்று சேமிக்கிறது. மே மாதக் கடைசியில் மின்பற்றாக்குறை காரணமாக இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தியது. சேமித்த கணத்தைத் திரும்ப எடுத்தால் இப்போது காலை 11 மணி என்று காட்டும். பத்திரிகையிலோ 10 மணி என்றுதான் அச்சாகியிருக்கும், மண்டபத்துக் கடிகாரத்தில் 10 அடிக்கும்போதுதான் உறவினர்கள் கூடுவார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னுக்கு வந்து, 2006 ஏப்ரலில்தான் இலங்கை பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. எனவே நடக்கப்போகும் நிகழ்ச்சிக்கு ஊரின் பெயரையும் அந்த ஊர்க் கடிகாரத்தின் மணியையும் சேமிக்க வேண்டும். நடந்து முடிந்ததற்குத்தான் கணம்.

அமெரிக்க நிறுவனங்களுக்காக நம் ஊரிலிருந்தே இரவில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு, ஆண்டுக்கு இரண்டு முறை அங்கே மணி மாறுவது பழகிப்போன விஷயம். அதை நான் விளக்கத் தேவையில்லை.

நகரத்தார் நோற்கும் பிள்ளையார் நோன்பைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் வேளையில், சுடர் ஏற்றிய நூல்திரியாகிய இழையை எடுத்துக்கொள்கிறோம். திதி மாறும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்று. அது விழும் தேதி ஊருக்கு ஊர் வேறு. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகள் எந்த நாளில் இழை எடுப்பது என்று ஊருக்குத் தொலைபேசியில் கேட்பதற்குக் காரணம் இதுதான். சென்ற ஆண்டுத் தேதியோடு 365ஐக் கூட்டும் நிரல் இதற்கு விடை சொல்லாது. எனக்கு ஒதுக்கிய நேரம் முடிவதால் இதை இங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியாக 2038. விநாடிகளை 32 இலக்க இரும எண்ணாக வைத்திருக்கும் பழைய நிரல்களில், 2038ஆம் ஆண்டு ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு எண்ண இடம் தீர்ந்துவிடும். அடுத்த விநாடியில் அவை 1901ஆம் ஆண்டுக்குத் திரும்பும். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 இலக்கத்துக்கு மாறிவிட்டன. ஆனாலும் 2018இல் இருபது ஆண்டுத் தவணைக்கு எழுதப்பட்ட கடன்கள் அந்த எல்லைக்கு அப்பால் முடிபவை. அவற்றைக் கணக்கிடும் நிரல்களை எழுதியவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், முதிர்வுத் தேதி எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்த வாரத்திலேயே திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.