அந்தக் குளிசையும் நெஞ்சுக் குளிசையும்

[காட்சி: யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி வீதி. இரவு எட்டு மணி. ஒரு மருந்தகத்தின் கண்ணாடி அலமாரி.]

வணக்கம்.

கடை பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் வருவார். ஒரு கார்ட் பனடோல் கேட்பார். காசு கொடுத்து வாங்கிய பிறகும் போக மாட்டார். பக்கத்தில் நிற்கும் அம்மா இருமல் பாணியை வாங்கிக்கொண்டு படி இறங்கும் வரை விற்றமின் போத்தல்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு மெல்லக் குனிந்து, "தம்பி, அந்தக் குளிசை இருக்கோ?"

நான் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிற மருந்தாளர். எந்தக் குளிசை என்று திருப்பிக் கேட்டு அவரைக் கூச்சப்படுத்துவதில்லை. டொக்டர் எழுதிய துண்டு இருக்கிறதா என்று கேட்பேன். இன்னுமொரு கேள்வியும் கேட்பேன். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்த வீடியோ.

[காட்சி: இரண்டு குளிசை அட்டைகள். பெயர்கள் திரையில் தமிழில்.]

விறைப்புத்தன்மை குறைவுக்குக் கொடுக்கப்படும் குளிசைகளில் இரண்டு பெயர்களைத் தெரிந்து வைத்திருங்கள். ஒன்று சில்டெனாபில். வயக்ரா என்றால் எல்லோருக்கும் விளங்கும். மற்றது டடலாபில், அதாவது சியாலிஸ். சில்டெனாபிலை பைசர் கம்பனியின் இங்கிலாந்து ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர்கள் தேடிக்கொண்டிருந்தது நெஞ்சு நோவுக்கு ஒரு மருந்தை. நெஞ்சுக்கு அது பெரிதாக உதவவில்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் வேறொரு மாற்றத்தைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்கா அதை விறைப்புக் குறைவுக்கான மருந்தாக அங்கீகரித்தது. இரத்தக் குழாய்க்கென்று பிறந்த மருந்து இது. அதனால் இதன் நன்மையும் ஆபத்தும் இரத்தக் குழாயில்தான் இருக்கின்றன.

[காட்சி: வெங்காயத் தோட்டம். கிணற்றிலிருந்து பம்பு இறைக்கும் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது.]

எங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கிணற்றில் பம்பு ஓடுகிறது, தண்ணீர் வாய்க்கால் வழியே பாத்தி பாத்தியாகப் போகிறது. ஒரு பாத்திக்கு நிறையத் தண்ணீர் வேண்டுமென்றால் அதன் வாயை அகலமாக வெட்டி விடுவோம். உடலில் அந்த வேலையைச் செய்வது நைட்ரிக் ஒக்சைட். ஆசை எழும்போது ஆணுறுப்பின் நரம்புகள் அதை வெளிவிடும். அது சி.ஜி.எம்.பி. என்ற பொருளைக் கூட்டும். குழாய்த் தசை தளரும், இரத்தம் நிறையும். வேலை முடிய, ஒரு நொதி வந்து அந்த சி.ஜி.எம்.பி.யை அழிக்கும், வாய் மூடிக்கொள்ளும். குளிசை செய்வது அந்த நொதியைத் தடுப்பது மட்டுமே. வெட்டிய வாய் கொஞ்ச நேரம் திறந்தபடி இருக்கும்.

அதனால்தான் ஆசை இல்லாமல் குளிசை மட்டும் போட்டுவிட்டு ரீவி பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. "போட்டேன், வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களில் சிலரின் கதை இதுதான்.

சரி, இப்போது நெஞ்சுக் குளிசைக்கு வருவோம். நெஞ்சு நோ வந்தால் நாக்குக்குக் கீழே வைக்கிற சின்னக் குளிசை, ஜி.டி.என். தினமும் விழுங்குகிற ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட், ஐசோசோர்பைட் டைநைட்ரேட். இவை எல்லாம் நைட்ரேட் வகை. இவை உடலெங்கும் நைட்ரிக் ஒக்சைட்டைக் கூட்டி, குழாய்களைத் திறக்கின்றன. நைட்ரேட் திறந்துகொண்டே இருக்க, விறைப்புக் குளிசை மூடவே விடாது. தோட்டத்தில் எல்லா வரம்பும் ஒரேயடியாக உடைந்தால் எப்படி இருக்கும்? பம்பு ஓடிக்கொண்டிருக்கும், கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாது. உடம்பில் அந்தக் கடைசிப் பாத்தி மூளையும் இதயமும். பிறசர் விழுந்து, ஆள் மயங்கி, உயிரே போகலாம். அளவைக் குறைத்தாலும், காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று பிரித்தாலும் பாதுகாப்பில்லை. நைட்ரேட் எடுக்கிறவருக்கு இந்தக் குளிசை கிடையாது.

[காட்சி: இருட்டு அறை. மேசை விளக்கு எரிகிறது. ஒரு பெண் அலுமாரியைத் திறக்கிறார்.]

எனக்குப் பயமான காட்சி இது. மனிதர் சில்டெனாபில் போட்டிருக்கிறார், மனைவிக்குத் தெரியாது. நடுச்சாமத்தில் நெஞ்சைப் பிடிக்கிறார். மனைவி பதறி எழும்பி, மாமாவுக்கென்று வீட்டில் வைத்திருக்கிற ஜி.டி.என். குளிசையைக் கொண்டு வருகிறார். "நாக்குக்குக் கீழே வையுங்கோ அப்பா." அவர் வெட்கத்தில் ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறக்கிறார்.

வாயைத் திறப்பது சரி. சொல்வதற்காகத் திறக்க வேண்டும். இந்தக் குளிசை போட்ட நாளில் நெஞ்சு நோ வந்தால், செய்துகொண்டிருப்பதை நிறுத்தி உட்காருங்கள். ஜி.டி.என். வைக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து, என்ன குளிசை, எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்லுங்கள். சில்டெனாபில் என்றால் குறைந்தது 24 மணி நேரம், டடலாபில் என்றால் குறைந்தது 48 மணி நேரம் நைட்ரேட் ஆகாது. வைத்தியசாலையில் நெஞ்சு நோவுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. அதைத் தெரிவு செய்ய அவர்களுக்கு இந்தத் தகவல் வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும். மனைவிக்குத் தெரிந்திருந்தால் மிக நல்லது.

கிளினிக் கொப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் சலரோகத்துக்கும் பிறசருக்கும் மருந்து எடுக்கிறவரின் கொப்பியில் எல்லாம் எழுதியிருக்கும், இதைத் தவிர. இதை அவர் தெரிந்தவர் கண்ணில் படாமல் சாவகச்சேரியிலோ வவுனியாவிலோ வாங்குவார். கொப்பியைப் பார்க்கிற டொக்டருக்குக் குளிசை தெரியாது, குளிசை கொடுக்கிறவருக்குக் கொப்பி தெரியாது. ஊர் சின்னது, கூச்சம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் பஸ் ஏறிப்போய் வாங்குகிறவர் கொப்பியையாவது கூடக் கொண்டு போகலாம்.

ஏனென்றால் நைட்ரேட் மட்டுமல்ல விஷயம். பிறசருக்குக் கொடுக்கும் பிரசோசின், புரொஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டம்சுலோசின் எடுக்கிறவர்களுக்குச் சேர்ந்து பிறசர் இறங்கலாம். டொக்டர் சின்ன அளவில் தொடங்குவார். கிளரித்ரோமைசின் போன்ற சில அன்ரிபயோட்டிக், கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சண மருந்துகள் இந்தக் குளிசையை உடலை விட்டு வெளியேற விடாமல் பிடித்து வைக்கும். கிரேப்ஃபுரூட் சாறும் அப்படித்தான். கனடாவுக்கு மகளிடம் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டு மேசையில் கவனிக்கவும். அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்கள், ஈரலோ சிறுநீரகமோ பழுதானவர்கள் டொக்டரைக் காணாமல் தொடவே வேண்டாம்.

[காட்சி: பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். பக்கத்தில் கடிகாரம்.]

எப்படி எடுப்பது? சில்டெனாபில் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 25. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், 24 மணி நேரத்துக்குள் ஒரு தடவை மட்டும். ஆட்டிறைச்சிக் கறியோடு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யப் பிந்தும். பிந்துகிறது என்று இன்னொன்றைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது. ஏறத்தாழ நாலு மணி நேரம் இது உதவும். நாலு மணி நேரமும் விறைத்தே இருக்கும் என்று அர்த்தமில்லை. டடலாபிலுக்குச் சாப்பாடு தடையில்லை, 36 மணி நேரம் வரை உதவும். சாராயம் போத்தலாகப் போனால் எந்தக் குளிசையும் உதவாது, எழும்பி நிற்கத் தலையும் சுற்றும். முதல் நாள் சரிவரவில்லை என்று தூக்கி எறியவும் வேண்டாம். சில தடவைகள் பார்த்த பிறகே டொக்டர் அளவை மாற்றுவார்.

தலையிடி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிவு எல்லாம் வரலாம், போய்விடும். சிலருக்குப் பொருட்கள் நீலமாகத் தெரியும். ஆனால் விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நின்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள். விடியட்டும் என்று இருந்தால் திசு பழுதாகிவிடும். திடீரென்று பார்வையோ கேட்கும் திறனோ போனாலும் அப்படியே.

[காட்சி: பெயரில்லாத மினுங்கும் பைக்கற்றுகள்.]

கடைசியாக, லேகியம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படித்துப் பதிவு பெற்ற வைத்தியர் தருவதைச் சொல்லவில்லை. "நூறு வீதம் மூலிகை, பக்க விளைவு இல்லை" என்று பேஸ்புக்கில் வருகிற பைக்கற்றைச் சொல்கிறேன். மூலிகை என்று விற்ற பல பொருட்களுக்குள் சில்டெனாபில் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் சோதித்துப் பிடித்து அறிவித்திருக்கிறது. இதில் மோசம் என்னவென்றால், "நெஞ்சு வருத்தக்காரன், இங்கிலிஸ் மருந்து வேண்டாம்" என்று பயந்து அதை வாங்குகிற ஆளே நைட்ரேட் எடுக்கிற ஆளாக இருப்பார். லண்டனிலிருந்து மச்சான் கொண்டுவந்த பெட்டி அசலாகவே இருக்கலாம். அங்கே 2018 முதல் 50 மில்லிகிராம் சில்டெனாபிலைத் துண்டு இல்லாமல் மருந்தகத்தில் வாங்கலாம். ஆனால் அங்கேயும் மருந்தாளர் கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். மச்சானிடம் கேட்ட கேள்வி மச்சானின் நெஞ்சைப் பற்றியது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆணுறுப்பின் குழாய்கள் இதயக் குழாய்களை விட ஒடுக்கமானவை. சலரோகமும் கொழுப்பும் புகையும் முதலில் அங்கே காட்டிக்கொடுக்கலாம். துண்டு எழுதுகிற டொக்டர் சீனி, கொழுப்பு, பிறசர் எல்லாம் பார்ப்பது அதற்காகத்தான். குளிசையை மட்டும் இரகசியமாக வாங்குகிறவருக்கு அந்தச் சோதனை கிடைப்பதில்லை.

[காட்சி: மீண்டும் அந்தக் கடை. மனிதர் மேசையில் ஒரு மடித்த கடதாசியை வைக்கிறார்.]

சொல்ல வாய் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். எடுக்கிற மருந்தெல்லாம் ஒரு கடதாசியில், இதையும் சேர்த்து. கிளினிக்கிலும் அப்படியே கொப்பிக்குள் வைத்து நீட்டலாம். போன கிழமை ஒரு ஐயா அப்படித்தான் செய்தார். டொக்டரின் துண்டு, கூடவே பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த தாளில் ஐந்து மருந்துகள், நல்ல வடிவான எழுத்து. வாசித்துவிட்டு நான் கேட்டேன்:

"ஐயா, நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை ஏதும் வீட்டில இருக்கோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.