தினம் தினம் சொல்ற சம்மதம் (பட்டிமன்ற உரை)

நடுவர் அய்யாவுக்கும் மணல்ல பாய் விரிச்சு உக்காந்திருக்க நம்ம சனங்க எல்லாருக்கும் வணக்கம். ஆண்டவருக்கு ஊழியம் பண்ணுவேன்ங்கிற முடிவு, வாழ்க்கையில ஒரே தடவை எடுக்கிறதா, தினம் தினம் எடுக்கிறதா, இதான் தலைப்பு. ஒரே தடவைதான்னு எதிரணி அண்ணன் பேசிட்டு உக்காந்துட்டாரு. நல்லாவே பேசுனாரு, ஆண்டவர் கூப்பிட்டதும் மீன்காரப் பேதுரு வலையை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுப் போனத அவர் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்துச்சு. வலைய விட்டுட்டுப் போறதுன்னா என்னன்னு நம்ம கரைக்காரங்களுக்குச் சொல்லணுமா, ஒரு வலை போச்சுன்னாலே வாங்குன கடன் வருசக்கணக்குல கழியாம நிக்கும்.

ஆனா அண்ணன் லூக்கா அஞ்சாம் அதிகாரத்தோட நிறுத்திட்டாரு. கொஞ்சம் தள்ளி யோவான் 21 வரைக்கும் வாங்க. அதே பேதுரு நடுவுல மூணு தடவை எனக்கு அவரைத் தெரியாதுன்னு சொல்லிட்டாரு, அப்புறம் நான் மீன் பிடிக்கப் போறேன்னு பழைய தொழிலுக்கே கிளம்பிட்டாரு, ராத்திரி பூரா ஒண்ணும் படல, விடியக்காலம் பாத்தா கரையில ஆண்டவர் கரி நெருப்பு போட்டு மீன் சுட்டு வச்சிட்டு நிக்கிறாரு. 153 மீனு அன்னைக்கு. சாப்பிட்டு முடிச்சதும் பேதுருகிட்ட, என் மேல உனக்கு அன்பு இருக்கான்னு ஒரு தடவை இல்ல, மூணு தடவை கேக்குறாரு. முதல்ல எடுத்த முடிவே போதும்னா அவர் ஏன் திரும்பக் கேக்கணும்? பேதுரு தெரியாதுன்னு மறுதலிச்சதும் ஒரு கரி நெருப்புப் பக்கத்துலதான், திரும்பச் சம்மதம் சொன்னதும் கரி நெருப்புப் பக்கத்துலதான். நான் இத எத்தனை தடவை வாசிச்சாலும் அந்த இடத்துல நின்னுடுவேன்.

சரி, நம்ம ஓரியூருக்கு வாங்க. அருளானந்தர் ரத்தம் சிந்துன அந்தச் செம்மண்ண நெத்தியில பூசாம யாரும் திரும்புறதில்ல. ஜான் டி பிரிட்டோங்கிற அந்த அருளானந்தர் சாமி போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன்ல 1647-ல பெரிய குடும்பத்துல பிறந்தவர், ராஜா வீட்டுப் பிள்ளைகளோட அரண்மனையில வளர்ந்தவர், எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்தாரு. அது முதல் முடிவு, ஒத்துக்கிறேன். 1686-ல இங்க புடிச்சு அடிச்சு சித்திரவதை பண்ணி, இனிமே இந்தச் சீமையில போதிக்கக் கூடாதுன்னு விட்டாங்க. அடுத்த வருசமே அவரோட இயேசு சபை, சபை வேலையா போர்ச்சுக்கலுக்கு அனுப்பிருச்சு, அங்க ராஜா இங்கயே இருங்கன்னு கெஞ்சுறாரு. இருந்திருந்தா யாரும் ஒரு குத்தமும் சொல்லிருக்க மாட்டாங்க, அடிபட்ட உடம்பு, தப்பிச்சு வந்த உசுரு. ஆனா மறுபடி கப்பல் ஏறுனாரு. லிஸ்பன்ல இளவயசுல எடுத்த முடிவ விட இந்த முடிவு பெருசுன்னு நான் சொல்றேன், ஏன்னா முதல் தடவை வரும்போது இங்க என்ன காத்திருக்குன்னு அவருக்குத் தெரியாது, ரெண்டாந்தடவை நல்லாத் தெரியும். 1693 பிப்ரவரி 4, ஓரியூர் மண்ணுல தலைய வெட்டுனாங்க.

அதுக்கும் முன்னாடி 1549-ல நம்ம வேதாளையில அந்தோணி கிரிமினாலி சாமி. படை வருது, கரையில படகு இருக்கு, ஏறியிருக்கலாம். பொம்பளைங்களையும் பிள்ளைகளையும் ஏத்தி விட்டுட்டு கரையிலயே நின்னு ஈட்டிக்குச் செத்தாரு. இயேசு சபையில விசுவாசத்துக்காக உசுரக் குடுத்த முதல் மறைசாட்சி அவர்தான். துறவியாகும்போது ஆண்டவருக்கு என்னைக்கோ குடுத்த வார்த்தைப்பாடு அவரை அங்க கொண்டு வந்துச்சு சரி, ஆனா படகுல ஏறாம காலை மணல்ல ஊனி நின்னது அன்னைக்கு எடுத்த முடிவு.

கலப்பையில கை வச்சவன் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு அண்ணன் ஒரு வசனம் சொன்னாரு. வானம் பாத்த பூமி நம்மளது, உழவு தெரிஞ்சவங்க இங்கயும் இருக்காங்க, ஒரு சால் ஓட்டிட்டு எவனும் வீட்டுக்குப் போறதில்லையே, வரப்புக்கு வரப்பு மாட்டைத் திருப்பி திரும்ப அழுத்தணும்ல? சிலுவையையும் தினமும் தூக்கிட்டு வரணும்னுதான் லூக்கா ஒன்பதுல ஆண்டவரே சொல்றாரு. திருச்சபைக்கும் இது தெரியும், அதான் சிஸ்டர்மார முதல் வார்த்தைப்பாடு குடுத்த உடனே ஆயுசு பூராவுக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு அனுப்புறதில்ல, வருசக்கணக்கா காத்திருக்க வைக்குது. நாமளும் ஈஸ்டர் ராத்திரி பாஸ்கா பூசையில மெழுகுதிரியக் கையில புடிச்சுட்டு ஞானஸ்நான வாக்குறுதிய வருசா வருசம் புதுப்பிக்கிறோம்ல, பச்சப்பிள்ளையில எடுத்தது போதும்னா அது எதுக்கு?

கடைசியா எங்க அம்மாவப் பத்தி சொல்லிக்கிறேன். அம்மா கடல்பாசி எடுக்கப் போகும், மாசத்துல 12 நாள்தான் கடல்ல இறங்குறது, பாறையில மரிக்கொழுந்து பாசி பிடுங்கி விரல் நுனியெல்லாம் கிழிஞ்சிருக்கும், துணி சுத்திட்டுதான் இறங்கும், இருந்தும் கிழியும். சிலுவை வச்ச சின்னக் கோயில், எங்க குருசடி, அதைக் கூட்டி விளக்கு ஏத்துறது அம்மா பொறுப்பு, எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து அப்படித்தான். ஒரு வருசம் எங்க அண்ணன் போன படகு மூணு நாளா திரும்பல. மூணாம் நாள் காலையில அம்மா, இனிமே அங்க விளக்கு ஏத்த மாட்டேன்னு சொல்லி சாவிய என் கையில வீசிருச்சு. நான் ஒண்ணும் பேசல. சாயங்காலம் இருட்டுற நேரம் வந்து சாவியக் குடுன்னு கேட்டுச்சு. அப்ப வரைக்கும் படகப் பத்தி ஒரு தகவலும் இல்ல. நான் பின்னாடியே போனேன், அந்த விரலோட தீப்பெட்டி பிடிக்க முடியல, ரெண்டு குச்சி அணைஞ்சுச்சு, மூணாவதுல பத்திக்கிச்சு. இஞ்சின் நின்னு போய் காத்துல இழுத்துட்டுப் போன படகு மறுநாள் மதியந்தான் கரைக்கு வந்துச்சு.

அம்மா இங்க மூணாவது வரிசையில உக்காந்திருக்கு அய்யா. லேட்டாத்தான் வந்துச்சு, விளக்கு ஏத்திட்டு வந்திருக்கு.